தங்கச்சி என்று அழைத்த மேலாளர்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்,
21.9.1999

அன்பும் மதிப்பும் மிக்க என்னவருக்கு,

தெய்வானை எழுதுவது. அறுபத்தாறு வயதில் வேலைக்கு வந்தவள் எப்படி இருக்கிறாளோ என்று கவலைப்படாதீர்கள், நலமே. தைப்பிங் மழையில் உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது என்பதை மறைக்காமல் எழுதுங்கள்.

நேற்று கிள்ளானில் ஒரு தொழிற்சாலையின் உள்விசாரணைக்குத் தொழிற்சங்கத்தின் சார்பில் போயிருந்தேன். புஷ்பவல்லி என்ற எழுத்தர், மேலாளர் தன் இடுப்பில் கை வைப்பதாகப் புகார் கொடுத்திருந்தாள். புகார் பொய் என்று முடிவானால் அவள் வேலை போய்விடும். இத்தகைய தொல்லையைத் தடுக்க அரசாங்கம் சென்ற மாதம் நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. அதை ஏற்பது முதலாளியின் விருப்பமாம். திருடனின் சம்மதம் கேட்டுப் பூட்டு வாங்குவதைப் போல.

மேலாளர் கையைக் கட்டிக்கொண்டு என்னிடம், "ஆன்டி, அவளைத் தங்கச்சின்னுதான் கூப்பிடுவேன். கூடப் பிறந்த மாதிரி லா," என்றார்.

"பாஸ், உங்க சொந்தத் தங்கச்சி இடுப்புலயும் கை வைப்பீங்களா?" என்றாள் புஷ்பவல்லி.

விசாரணைக் குழுவின் சீனத் தலைவர் மொழிபெயர்க்கச் சொன்னார். ஒரு சொல்லும் குறையாமல் மொழிபெயர்த்தேன். புகார் உண்மை என்று குழு தீர்மானித்தது. அவள் வேலை நிலைத்தது. அவரைப் பணியிடைநீக்கம் செய்துவிட்டார்கள்.

திரும்பி வந்து கதவைத் திறந்ததும் உங்களிடம் சொல்லத்தான் வாயெடுத்தேன். அறையில் மின்விசிறி மட்டும் இருந்தது.

தபால் நிலையம் மூடப்போகிறது. அலுவலகத்தில் குளிர் அதிகம். நீங்கள் போடும் சாம்பல்நிற ஸ்வெட்டரை அனுப்புங்கள். உங்களுக்குப் புதியது வாங்கி வைத்திருக்கிறேன். துவைக்க வேண்டாம், அந்த மழையில் காயாது.

தெய்வானை