ஏழாம் படுக்கைக்கு யார்?

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

செவ்வாயன்று நான் கேட்காமல் விட்டது ஒரே கேள்வி: "யார் பார்க்கணும்?"

நான் வேலை பார்க்கும் முதியோர் விடுதியில் ஷிப்டு முடிந்த நர்ஸ், கோட்டை மாட்டிக்கொண்டே, "ஏழாம் படுக்கைத் தாத்தா, கீப் அன் ஐ ஆன் ஹிம்" என்று, அவர்மேல் ஒரு கண் வைத்திருக்கும்படி, எனக்கும் என்னோடு பணியில் இருந்த தோழிக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அப்படிச் சொன்னால், யார், எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பது என்று உடனே பலகையில் எழுத வேண்டும். நாங்கள் தலையை மட்டும் ஆட்டினோம். தாத்தா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார்.

"நீ பார்ப்பேன்னு நினைச்சேன்டி" என்றாள் தோழி. நானும் அவள் பார்ப்பாள் என்றே நினைத்திருந்தேன்.

என்னை யாரும் திட்டவில்லை, கவலைப்படாதே. போனில் பேசும்போது குக்கர் விசிலுக்காக வைத்துவிடாதே, அந்தச் சத்தமும் எனக்குக் கேட்கட்டும். பஸ் வந்துவிடும், முடிக்கிறேன்.

தாத்தா வியாழக்கிழமை இறந்துவிட்டார்.

உன் மகள்