வாத்தியார் பக்கத்து பிரேக்

என் செல்ல மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் நான்கு பேரும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஓயாத வேண்டுதல். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, வாய் மட்டும் எப்போதும் போல.

ஞாயிற்றுக்கிழமை போனில் உன் சின்னவள் இத்தாலிய மொழியில் நாலு வார்த்தை பேசியதைக் கேட்டு, எல்லாம் உங்களாலதான்ப்பா என்று நீ நன்றி சொல்லி அழுதாயே, அது என் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் அங்கே வருவதற்குள் இத்தாலியன் பழக நீ அனுப்பிய படச் சீட்டுகளை வைத்து ஆரம்பத்தில் நன்றாகத்தான் நடந்தது. முப்பது வருடம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவனுக்கு வேறென்ன தெரியும், கூடத்தில் நாலு நாற்காலியைப் போட்டு வண்டியாக்கினேன். சீட்டை எடுத்துப் படிக்க வேண்டியது, கோர்ரி என்றால் ஓட வேண்டும், ஃபேர்மாதி என்றால் நிற்க வேண்டும், சால்தா என்றால் எல்லோரும் குதிக்க வேண்டும். நான் குதித்த குதியில் கீழ்வீட்டுத் தையல்காரர் ஏறி வந்து, வீடு மாத்துறீங்களா சார் என்று கேட்டுவிட்டுப் போனார். பெரியவனுக்குக் கற்பூர புத்தி, ஒரே வாரத்தில் இருபது சொல் பிடித்துக்கொண்டான். சின்னவள் மட்டும் பின்சீட்டில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். தாஜா பண்ணிக் கேட்டதற்கு, நான் கத்துக்கலன்னா அங்க ஸ்கூல்ல சேர்க்க மாட்டாங்கல்ல, அப்ப அம்மாவே இங்க வந்துடுவாங்கல்ல என்றாள். ஐந்து வயசுக்கு என்ன யோசனை பார்!

கண்ணு, எனக்கும் ஆசை வந்துவிட்டது. இவள் கற்காவிட்டால் நீங்களெல்லாம் இங்கேயே வந்துவிடுவீர்களே என்று. ஓட்டக் கற்றுக்கொடுக்கிற காரில் வாத்தியார் பக்கமும் ஒரு பிரேக் இருக்குமல்லவா, அதை அழுத்திவிட்டேன். சீட்டுக்கட்டை அலமாரியில் போர்வைக்கடியில் ஒளித்துவைத்துக் காணோம் என்று பொய் சொன்னேன், பத்து நாள். போர்வை எடுக்கப் போன உன் அம்மா கையில் அகப்பட்டது. பெத்தவ எட்டு மாசமா பிள்ளைங்கள தொட்டுப் பாக்காம துடிக்கிறா, நீங்க இங்க ஒளிச்சு வெளையாடுறீங்களா, வயசானா புத்தியும் போயிடுமா என்று பிடிபிடியென்று பிடித்துவிட்டாள். அதோடு விட்டாளா, சின்னவளை முன்சீட்டில் உட்காரவைத்து, தாத்தா பொய் சொன்னாருல்ல, இன்னைக்கு நீ சொல்லு, அவர் செய்யட்டும் என்றாள். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள், மெல்ல சால்தா என்றாள். குதித்தேன். மறுபடி சால்தா. சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கலே வந்துவிட்டது, என்னை விடவில்லை. அம்மாகிட்ட போனதும் அவங்களையும் குதிக்க வைப்பேன் என்று அவளே சொன்னாள். ஆக, உன் நன்றி உன் அம்மாவுக்குச் சேர வேண்டியது. என்னை மன்னித்துவிடு. இந்தக் கிழவனை நம்பி எட்டு மாதம் பிள்ளைகளை விட்டுவைத்தாயே, அதற்கு நான் உனக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

மாப்பிள்ளை வந்து அழைத்துப் போகும் நாள் நெருங்கிவிட்டது. குளிருக்கு இரண்டு ஸ்வெட்டர் வாங்கிவிட்டோம். நோய்நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி நால்வரும் நீடூழி வாழ வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. விமான நிலையத்தில் சின்னவள் உன்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், அவளுக்கு உன் மேல் அவ்வளவு கோபம் இருக்கிறது, அவ்வளவு ஏக்கம். அவளாக வரட்டும் என்று நிற்காதே. நீ ஓடிப்போய்த் தூக்கிக்கொள்.

இப்படிக்கு,
உன் அப்பா