நெகட்டிவ் மேலே இருக்கு

மச்சான்,

நேற்று ஃப்ளெக்ஸ் கடையில் உன் முதலாம் ஆண்டு நினைவு பேனரைப் பிரித்தார்கள். புது மை வாசனை குப்பென்று அடித்தது. உள்ளே உன் பெயரைப் போட்டுக்கொண்டு, பால்கோவா நிறத்தில் யாரோ ஒரு சோப்பு விளம்பர மாப்பிள்ளை இருந்தார். பல் மட்டும் உன்னுடையது. திருப்பாதிரிப்புலியூரில் ஸ்டுடியோ வைத்து ஊரையே படம் பிடித்த உனக்கு, உருப்படியாகச் சொந்தப் படம் ஒன்று கிடையாது. எவர் கல்யாணத்திலோ ஒரு செல்போனில் சிக்கியிருந்தாய். அதை வைத்துத்தான் கடைக்காரத் தம்பி உன்னை வெளுத்திருந்தான்.

உன் மனைவி தயங்கித் தயங்கி, "அண்ணே, நல்லாத்தான இருக்கு?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள், கூட வந்த என் மகள் கயல் முந்திக்கொண்டாள். அவள் சொன்னது உனக்குப் புரியும். ஆனால் அதற்கு முன் ஸ்டுடியோவுக்கு ஒருமுறை போய் வந்துவிடலாம், வா.

கயலுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம். அவள் என் நிறம். என் வழுக்கை ஒன்றிலிருந்துதான் அவள் தப்பித்தாள். பள்ளிக்கூட குரூப் போட்டோக்களில் அவளைத் தேட வேண்டும். எவளாவது நெட்டைப் பெண்ணின் தோளுக்குப் பின்னால் அரைக்காது தெரியும். விசேஷ வீட்டில் கேமரா வந்தால் கைகழுவப் போய்விடுவாள். அப்படிப்பட்டவளைச் சிதம்பரத்திலிருந்து பஸ் ஏற்றி உன் முன்னால் கொண்டுவந்து உட்கார வைத்தோம். கூடவே என் அக்கா. அக்கா வந்தால் மற்றவர்களுக்குப் பேச வேலை இருக்காது.

நீ எடுத்த படத்தை அக்கா கம்ப்யூட்டரில் குனிந்து பார்த்தாள்.

"தம்பி, கொஞ்சம் கலர் ஏத்திக் குடுங்க. மாப்ள வீட்ல செவப்பா கேக்கறாங்க."

"ஏத்திடலாங்க்கா. அவுங்க நேர்ல வர்றப்ப அதயே பிரேம் போட்டுத் தர்றேன். மூஞ்சி முன்னாடி புடிச்சிக்கிட்டு காபி குடுக்கச் சொல்லுங்க."

அக்காவின் முகம் சுண்டிவிட்டது. "எல்லா ஸ்டுடியோலயும் பண்றாங்க. உங்களுக்கு மட்டும் என்னவாம்?"

நீ அக்காவுக்குப் பதில் சொல்லாமல் கயலிடம் திரும்பினாய். "மனுசன கடவுள் தன்னோட சாயல்ல செஞ்சாருன்னு எங்க வேதத்துல இருக்கும்மா. அப்பன்னா நீ ஒரு பிரிண்ட்டு. நெகட்டிவ் மேல இருக்கு. நான் இதுல கைய வச்சா, செஞ்சவருக்கு வேல தெரியலன்னு சொல்றாப்ல ஆயிடும்ல?"

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "எங்க சிதம்பரத்துல தெரைய விலக்கினா உருவமே கெடையாது மச்சான், வெறும் வெளிதான். நாங்க எத வச்சி ஒத்துப் பாக்கறது?"

"உனக்கு இன்னும் சௌரியம். எந்த மூஞ்சி வந்தாலும் தப்பாவாது. உன்னோடதே பாஸாயிடுச்சு பாரு."

கயல் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பையும் பிடித்துவிட்டாய், திருடன்.

அந்தப் படத்தைத்தான் அனுப்பினோம். மாப்பிள்ளை வீட்டிலிருந்து பதில் இல்லை. "அந்த ஸ்டுடியோக்காரன் எங்க பொண்ணு கல்யாணத்தக் கெடுத்துட்டான்" என்று கடலூரிலிருந்து கம்மாபுரம் வரை அக்கா போன் போட்டாள். நீ சமாதானத்துக்கு வரவில்லை. கயலிடம் சம்மதம் கேட்டு, வாசல் ஷோகேஸில் இருந்த மாவு பூசிய மணப்பெண்ணைக் கழற்றிவிட்டு, அவள் சிரிப்பை ஆளுயரத்துக்கு மாட்டினாய். கொஞ்ச நாளில் ஷேர் ஆட்டோவில் ஒரு காலேஜ் பெண் கயலை உற்றுப் பார்த்து, "ஷோகேஸ் அக்காதான நீங்க? எனக்கும் ஒங்கள மாதிரியே கலர் ஏத்தாம எடுத்துக் குடுத்தாரு, அப்டியே!" என்றாளாம். அதை எங்களுக்குச் சொல்லும்போது கயல் நிலைக்கண்ணாடிக்கு நேராக நின்றிருந்தாள்.

கல்யாணம் பிறகு நடந்தது. மாப்பிள்ளை ஷோகேஸைப் பார்த்து மயங்கி வந்தவரில்லை. நான் நகைச்சுவை எழுதிப் பிழைக்கிறவன்தான். அதற்காக அவ்வளவு தூரம் புளுகமாட்டேன்.

நேற்றைய கடைக்கு வருகிறேன். கயல் பேனரின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, இது யாரு?" என்றாள்.

"நம்ம ஸ்டுடியோ சார்க்கா. கொஞ்சம் பிரைட் பண்ணிருக்கேன். எல்லாருக்கும் பண்றதுதான்."

"எங்க மாமா யாரயும் பிரைட் பண்ணதில்ல. அவரு கலர்லயே குடுங்க. நெகட்டிவ் மேல இருக்கு, ஒத்துப் பாப்பாங்க."

தம்பி விழித்தான். உன் மனைவிக்கு இப்போது தயக்கம் போய்விட்டது. "ஆமாம்ப்பா. அந்த மனுசன் நல்ல கறுப்பு. கலர் ஜாஸ்தியாவே போடு."

மறுபடி அச்சடித்தார்கள். கறுகறுவென்று, மூக்கில் எண்ணெய் மினுங்க, நீ வந்தாய். கயல் உன் பக்கத்தில் போய் நின்று போனை என்னிடம் நீட்டினாள். "அப்பா, எங்க ரெண்டு பேரயும் ஒண்ணு எடு." கேமராவைக் கண்டால் கைகழுவப் போகிறவள், மச்சான்! அவள் போனில் முகம் வெளுக்கிற வசதியை ஏற்கெனவே அணைத்து வைத்திருந்தாள். அவசர அவசரமாக எடுத்தேன். படம் கோணல்.

அதுதான் இப்போது என் போனின் முகப்பு. யார் எட்டிப் பார்த்தாலும், அவர்கள் கேட்காமலேயே சொல்லிவிடுகிறேன்: "கறுப்பா இருக்கறது எம் பொண்ணு. அவளவிடக் கறுப்பா இருக்கறது எம் மச்சான்."