வழி இல்லாத நாளுக்கு ஒரு குரல்

இன்று காலை உன் குரலைக் கேட்டேன். தினமும் கேட்பதுதான். "அடுத்து பொத்தேரி ஆஸ்டல், பின்வாசல்", "அப்பால கோவளம்" என்று பால் வண்டிகளின் போனில் நீ பேசாத நாள் ஏது? ஆனால் இன்று நீ பேசியது, முன்பு ஒரே ஒரு முறை நான் கேட்டிருந்த வாக்கியம். செங்கல்பட்டு கிடங்கு முற்றத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தேன்.

நீ அதைப் பதிவு செய்த மத்தியானம் நினைவிருக்கிறதா? எந்த வண்டி எந்தக் கடைக்கு எந்த வரிசையில் போனால் டீசல் குறையும், பால் திரியாமல் போய்ச் சேரும் என்று கணக்குப் போடும் கணினி நிரலை நாம் இருவரும் எழுதி முடித்திருந்தோம். டிரைவர்கள் திரையைப் பார்க்க மாட்டோம் என்று அடம் பிடித்தார்கள். பார்க்காவிட்டால் போகட்டும், கேட்க வைப்போம் என்று நீ கிளம்பிவிட்டாய். வெளிச்சத்தம் வராமலிருக்க, நிறுத்தியிருந்த வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு, வேர்த்துக் கொட்டக் கொட்ட ஒவ்வொரு ஊராகச் சொன்னாய். பக்கத்தில் திருநெல்வேலிக்காரி நான் உன் தமிழைக் கிண்டல் செய்துகொண்டிருந்தேன். வீடு என்று சொல்ல வராதா, அதென்ன வூடு என்றேன்.

"வூடுன்னா மட்டும் போய்ச் சேர மாட்டானா?" என்றாய்.

கடைசியாக, கணக்குக்கு விடையே வராத நாளுக்கென்று ஒரு வாக்கியம் சொன்னாய். அப்படி ஒரு நாள் வராது என்று நான் சாதித்தேன். நேரம் தவறினாலும் சுமை கூடினாலும் அந்த வழிக்கு அபராதப் புள்ளி வைத்திருந்தோமே. அபராதம் குறைவாக வரும் ஏதோ ஒரு வழியை அது எப்படியும் எடுத்துக் கொடுத்துவிடும். நீ விடவில்லை.

"மத்ததுக்கெல்லாம் அபராதம் போட்டுக்கோ. தண்ணி நிக்கிற ரோட்டுக்கு மட்டும் போடாதடி. அபராதத்தக் கட்டிட்டு அந்த வழியாவே பூட்லாம்னு அது நெனச்சிக்கும்."

மூடிய சாலை மூடியதுதான் என்று அந்த ஒரு வரியை நிரலில் நீயே எழுதினாய்.

அடுத்து வந்த ஐப்பசி மழையில், வேலை முடிந்து கோவளத்து வீட்டுக்கு ஸ்கூட்டரில் கிளம்பிய நீ போய்ச் சேரவில்லை. தண்ணீருக்கடியில் பள்ளம் இருந்திருக்கிறது. அக்கா கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்த எனக்குச் செய்தி போனில் வந்தது. பாவி, மறுநாளும் வண்டிகளில் நீ பேசிக்கொண்டுதான் இருந்தாய். மேனேஜர் குரலை மாற்றச் சொன்னார். மெஷின் குரல் ஒன்றைப் போட்டோம். டிரைவர்களில் மூத்தவரான மதுராந்தகத்துக்காரர் தன் போனை என் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். பழைய குரலே திரும்ப வந்தது. ஆளில்லாத வண்டியிலிருந்து நீ பேசும்போதெல்லாம் இன்னமும் திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.

இன்று ஏரி நிரம்பி, கிடங்கைச் சுற்றிய சாலைகள் எல்லாவற்றிலும் தண்ணீர். கணக்கு விடை தரவில்லை. வரிசையாக நின்ற வண்டிகளில் ஒன்றன்பின் ஒன்றாக உன் குரல் கிளம்பியது.

"இன்னிக்கி வழி இல்ல அண்ணாத்த. வண்டிய எடுக்காத. வூட்ல தேடுவாங்க."

மேனேஜர் என்னிடம் வந்தார். பால் கெட்டுவிடும், ஆஸ்டல் பிள்ளைகள் காத்திருப்பார்கள், அந்தச் சாலைகளுக்கும் ஓர் அபராதம் வைத்து வழியை வரவழை, ஒரு வரிதானே என்றார். ஒரு வரிதான். நான் லேப்டாப்பை மூடினேன். அதைத் தொட மாட்டேன், வேண்டுமானால் என்னை மாற்றிக்கொள்ளுங்கள் என்றேன். மதுராந்தகத்துக்காரர் வந்து தன் வண்டிச் சாவியை என் கையில் வைத்தார்.

"அந்தம்மா சொல்லிடுச்சு. அவ்ளோதான்."

பால் கெட்டது. நாளை எனக்கு என்ன காத்திருக்கிறதோ, வரட்டும். எனக்கு ஆறாதது வேறு. அன்றைக்கு உன்னையும் வீட்டில் தேடினார்கள். ஊருக்கெல்லாம் சொல்லி வைத்துவிட்டுப் போனவளே, ஸ்கூட்டர் சாவியை எடுத்த உன்னிடம் அதைச் சொல்ல ஒருவரும் இல்லையேடி.

நீ போனதிலிருந்து மழை தூறினாலே போதும், சாவியைத் தொடுகிறவர் யாராயிருந்தாலும் என் வாய் முந்திக்கொள்கிறது. வீட்டில் தேடுவார்கள் என்று சொல்லத்தான் வாயெடுக்கிறேன். வூட்ல என்றுதான் வருகிறது.