பழைய பிரவுசருக்குக் கல்தா

மார்ச் 3, செவ்வாய்

என் வேலை என்னவென்று வீட்டில் கேட்டால் "கம்ப்யூட்டர்ல ஏதோ" என்பார்கள். எங்கள் கம்பெனி தயாரிக்கும் இயங்குதளத்தின் அடுத்த பதிப்பில் எதெல்லாம் கூடவே வரும், எதெல்லாம் வராது என்று முடிவு செய்வதுதான் அந்த ஏதோ. இந்த முறை பழைய பிரவுசருக்குக் கல்தா கொடுக்கப்போகிறேன். யாரும் பழுது பார்க்காத ஓட்டைப் பெட்டி, பதிப்புக்குப் பதிப்பு ஒட்டிக்கொண்டே வருகிறது. பாதுகாப்புப் பிரிவுக்காரருக்கு ஒரே குஷி. எதைப் பார்த்தாலும் பூட்டச் சொல்வதால் அவருக்கு 'பூட்டு' என்றே பெயர். "அது இருக்கிற வரைக்கும் திருடனுக்குக் கதவு திறந்தேதாங்க இருக்கு" என்றார். நியாயம்தான்.

மார்ச் 6, வெள்ளி

அறிக்கை முடிந்தது. வியாழக்கிழமைக் கூட்டத்தில் மேலாளர் தலையாட்டிவிட்டால் போதும். எனக்கு என்னையே பிடித்திருக்கிறது.

மார்ச் 8, ஞாயிறு

கடைவாய்ப் பல் வலி. அக்கா பல் டாக்டராக இருப்பதில் எனக்குள்ள ஒரே லாபம், ஞாயிறும் கிளினிக் திறப்பாள். எக்ஸ்ரே எடுத்தாள். படம் வந்த திரையைப் பார்த்ததும் வலி போன இடம் தெரியவில்லை. அதே பழைய பிரவுசர்.

"ஏன்க்கா இதுல திறக்கிறே?"

"இந்த மெஷின் இதுல மட்டும்தான் வேலை செய்யும். செஞ்ச கம்பெனியையே மூடிட்டாங்க. மெஷின் மட்டும் கல்லு மாதிரி இருக்கு. வாயை மூடாதே."

கிளினிக் இப்போதுதான் கொஞ்சம் மூச்சு விடுகிறது. புது மெஷின் வாங்கும் நிலையில் அவள் இல்லை. அவள் கை கழுவப் போன நேரம் பார்த்து, அந்தக் கம்ப்யூட்டரில் அப்டேட்டையே நிறுத்திவிட்டேன். புதிய பதிப்பு இனி அங்கே எட்டிப் பார்க்காது. பிரச்சினை தீர்ந்தது.

மார்ச் 9, திங்கள்

தீரவில்லை. அப்டேட் இல்லையென்றால் மற்ற ஓட்டைகளை யார் அடைப்பது? நோயாளிகள் விவரமெல்லாம் அதில்தானே இருக்கிறது? ஒரு ஜன்னலைச் சாத்தப் போய் வீட்டையே திறந்துபோட்டு வந்திருக்கிறேன். விஷயம் தெரிந்த நானே இப்படி என்றால் — மற்றவர்கள்? அவர்களும் இதையேதான் செய்வார்கள். சே, என்ன புத்தி எனக்கு.

மார்ச் 10, செவ்வாய்

அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

"என்னைக் கேக்காம என் கம்ப்யூட்டர்ல கை வெச்சியா? முதல்ல வந்து சரி பண்ணு."

பண்ணினேன். அப்டேட் மறுபடி வரும். அதாவது, புதிய பதிப்பு வரும் நாளில் அவள் எக்ஸ்ரே நின்றுவிடும். நிறுத்தப்போவது நான்.

மார்ச் 12, வியாழன்

கூட்டத்தில் அறிக்கையைத் திறக்கவில்லை. "வீட்டுலயோ சொந்தக்காரங்க கடையிலயோ, யாராவது அப்டேட்டை நிறுத்தி வெச்சிருக்கீங்களா? நான் வெச்சேன்" என்றேன். மேலாளர் தொண்டையைச் செருமினார். "மாமனார் பிரஸ்ல... ஒரே ஒரு மெஷின்." இன்னொரு கை உயர்ந்தது. இன்னொன்று. கடைசியாக, யார் முகத்தையும் பார்க்காமல், பூட்டு.

முடிவு: பழைய பிரவுசர் எல்லோருக்கும் வராது. கேட்பவர்களுக்கு மட்டும், இணையத்தின் பக்கமே போக முடியாதபடி அடைத்துத் தருவோம். அடைப்பது பூட்டின் பொறுப்பு.

ஏப்ரல் 21, செவ்வாய்

அடைத்தால் மெஷின் வேலை செய்வதில்லை. மெஷின் வேலை செய்தால் அடைபடுவதில்லை. பூட்டுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

ஜூலை 11, சனி

அக்கா கிளினிக்கில் புதிய பதிப்பையும், பூட்டு ஒருவழியாக அடைத்துக் கொடுத்த பழைய பிரவுசரையும் நானே ஏற்றினேன். முதல் நோயாளி உட்கார்ந்தார். அக்கா எக்ஸ்ரே எடுத்தாள். படம் வந்தது.

அக்கா திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எல்லாம் முன்ன மாதிரியேதானே இருக்கு. இதுக்கா நாலு மாசமா அப்படி அலைஞ்சே?"

"ஆமாக்கா" என்றேன். இவ்வளவு சந்தோஷமாக நான் பேச்சு வாங்கியதே இல்லை.