வெள்ளிக்கிழமைச் சவரம்

இன்று காலை புது பிளேடு ஒன்றைப் பிரித்தேன். குப்பையில் போட வேண்டிய எண்ணெய்த் தாளை ஏனோ மூக்கருகே கொண்டுபோய்விட்டேன். அது உம் பழக்கம். பிளேடைச் சுற்றிய தாளை முகர்ந்து பார்க்காமல் நீர் ரேசரைத் தொட்டதில்லை. “நல்லாருக்குவே, சைக்கிள் கடைக்குள்ள நுழைஞ்ச மாதிரி” என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வீர். எண்ணெய் நாற்றத்துக்கு இவ்வளவு ரசனையா என்று நான் கேலி செய்வேன். இன்றைக்குக் கேலி செய்ய ஆளில்லை. நானே இரண்டு தடவை முகர்ந்து பார்த்துக்கொண்டேன்.

நீர் போய் இருபது வருஷத்துக்கு மேலாகிறது. இத்தனை காலமும் மனசுக்குள்ளேயே உம்மோடு பேசிச் சமாளித்துவிட்டேன். இன்று தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. உம் இடது தாடைக்குக் கீழே, காதுக்கும் தொண்டைக்கும் நடுவில் ஒரு இடம் இருந்ததே, அதைப் பற்றி எழுதியாக வேண்டும். அதில் என் பங்கு என்ன என்று உமக்கு மட்டும்தான் தெரியும். நீர் யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். பாளையங்கோட்டையில் நம் பாசன அலுவலகத்தில் கால்வாய்களுக்குப் படம் வரைகிற வேலை உமக்கு, அந்தப் படங்களுக்குக் கோப்பு எழுதுகிற வேலை எனக்கு. கால்வாய் பார்க்க அம்பாசமுத்திரம் போன ஒரு மத்தியானம், பழைய சாமான் கடையில் பூட்டும் தாழ்ப்பாளுமாகக் கிடந்த குவியலுக்கு அடியிலிருந்து ஒரு பித்தளை ரேசரை உருவினீர். அடிப்பக்கத்தை முறுக்கினால் தலையில் இரண்டு கதவுகள் திறக்கும். மலை மேல் தேயிலைத் தோட்டத்தில் இருந்த யாரோ வெள்ளைக்காரத் துரை விட்டுப்போனது என்றார் கடைக்காரர். அன்று நீர் சாப்பிட மறந்தீர். பஸ்ஸில் வரும்போது முழுக்க அந்தக் கதவுகளைத் திறந்து மூடிக்கொண்டே வந்தீர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் பயந்து வேறு இடம் தேடிப் போனாள்.

அதோடு நம் இருவருக்கும் பித்துப் பிடித்தது. கொழும்பிலிருந்து திரும்பிய குடும்பத்தில் ஒன்று, பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்றவரிடம் ஒன்று என்று சேர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தோம். துரை, கொழும்பான், பட்டாளத்தான். பன்றி முடியில் செய்த பிரஷ் ஒன்றை நீர் வீட்டுக்குக் கொண்டுபோன அன்று உம் மனைவி அதைக் குறட்டால் பிடித்துக் கொல்லைப்பக்கம் வைத்தாள். “சிவபூசை நடக்க வீட்ல பன்னி முடியா? அண்ணாச்சி, நீங்களாவது சொல்லக்கூடாதா?” என்று என்னிடம் முறையிட்டாள். அண்ணாச்சியான நான் அப்போது என் பிரஷை எங்கே ஒளித்துவைப்பதென்று யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு வீட்டில் கேட்க ஆள் கிடையாது என்பது அப்புறம்தான் நினைவு வந்தது.

செவ்வாயும் வெள்ளியும் முகத்தில் கத்தி படக்கூடாது என்பது உம் வீட்டுச் சட்டம். தினமும் சவரம் செய்தாக வேண்டும் என்பது உம் சட்டம். அதனால் அந்த இரண்டு நாளும் ஒரு மணி நேரம் முன்னதாகவே அலுவலகத்துக்குக் கிளம்பி, வண்ணார்பேட்டையில் என் வாடகை வீட்டுக்கு வந்துவிடுவீர். சைக்கிள் பின்னால் ஒரு கேன் தொங்கும். குறுக்குத்துறையில் மொண்ட ஆற்றுத் தண்ணீர். என் வீட்டுக் குழாய்த் தண்ணீர் உப்பு, நுரை நிற்காது என்பது உம் குற்றச்சாட்டு. சாயங்காலத்துக்குள் லேசாக முடி தலைகாட்டிவிடும், வீட்டில் கண்டுபிடிக்க முடியாது என்று நம்பினீர். முதல் வாரமே தெரிந்துவிட்டது வே. “வெள்ளிக்கிழமை அவுக சட்டைக் காலர்ல சோப்பு காஞ்சிருக்கும் அண்ணாச்சி. சின்னப்புள்ள மாதிரி ஒளிஞ்சு செய்யுதாக, செய்யட்டும்னு விட்டுட்டேன்” என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

ஜன்னல் கம்பியில் கண்ணாடியைத் தொங்கவிட்டு, வெந்நீரில் துண்டை நனைத்து முகத்தில் போட்டுக்கொண்டு, எவர்சில்வர் கிண்ணத்தில் நுரை அடிப்போம். பேச்சு அதோடு நின்றுவிடும். “ரேடியோவ அணையும்வே, சத்தம் கேக்கணும்” என்பீர். பிளேடு முடியை அறுக்கும்போது வருகிற அந்த மெல்லிய கரகரப்பை வைத்தே கோணம் சரியா தப்பா என்று சொல்லிவிடுவீர். முதல் தடவை மேலிருந்து கீழே, அடுத்தது குறுக்கே, கடைசியில் கீழிருந்து மேலே. முடிந்ததும் பச்சைத் தண்ணீர், படிகாரம். என் நாற்பது வயதுக்கு அந்த அரை மணி நேரம்தான் வாழ்க்கையில் சந்தோஷமான பகுதி என்று சொன்னால் யாராவது நம்புவார்களா? மனைவி இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. வாரத்தில் இரண்டு நாள் என் வீட்டுக் கதவை ஒரு மனிதர் தட்டினார். மற்ற ஐந்து நாளும் நான் அதற்காகக் காத்திருந்தேன்.

நீர் படம் வரைகிறவர் இல்லையா, உம் முகத்தையும் டிரேசிங் தாளில் வரைந்தீர். முடி எந்தப் பக்கம் சாய்ந்து வளர்கிறது என்று கால்வாய்ப் படத்தில் நீரோட்டம் காட்டுவது போல அம்புக்குறி போட்டீர். எங்கே வெட்டுப்படுகிறதோ அங்கே சிவப்பு மையில் ஒரு புள்ளி, பக்கத்தில் தேதி. முதலில் புள்ளிகள் முகமெங்கும் சிதறிக் கிடந்தன. கை பழகப் பழகக் குறைந்தன. ஒரு பங்குனியில் எல்லாம் நின்றுபோய், இடது தாடைக்குக் கீழே மட்டும் விழ ஆரம்பித்தன.

“அங்கன மட்டும் சத்தம் மாறுதுவே” என்றீர்.

வேறு யாராக இருந்தாலும் முகத்தைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். நாம் ரேசரைச் சந்தேகப்பட்டோம். துரைக்கு வயசாகிவிட்டது, கதவு சரியாக மூடவில்லை என்று அவரை ஒதுக்கிவைத்தோம். கொழும்பானும் அதே இடத்தில் வெட்டினான். பிளேடை மாற்றினோம். சோப்பை மாற்றினோம். கேன் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துப் பார்த்தோம். வெட்டாத வாரம் வந்தால் ஜெயித்துவிட்டதாக எண்ணிக் காபி வாங்கிக் குடித்தோம். உம் தோல் அங்கே கொஞ்சம் மேடாகியிருந்தது. மேட்டில் கத்தி தட்டத்தானே செய்யும்? அந்த மேடு ஏன் வந்தது என்று நாம் ஒரு தடவை கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

தப்பு. நீர் கேட்டீர்.

வைகாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. பாதி முகம் நுரையோடு ரேசரைக் கீழே வைத்துவிட்டு, என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தீர். உள்ளே புளியங்கொட்டை அளவுக்குக் கெட்டியாக ஏதோ இருந்தது. அழுத்தினால் வலிக்கவில்லை என்றீர்.

“இது ரேசர் விவகாரம் இல்லன்னு தோணுதுவே. டாக்டர்ட்ட ஒரு எட்டு காட்டிருவமா?”

“இதுக்குப் போயா ஆஸ்பத்திரி?” என்றேன். “வெட்டுபட்ட எடத்துல நெறி கட்டத்தான் செய்யும். கால்ல முள்ளு குத்துனா தொடையில கட்டலியா? டாக்டர்ட்ட போனா மொதல்ல சவரத்த நிறுத்தும்பான். ரேசரப் பைய ஓட்டும், தானா அமுங்கிரும்.”

“அப்படியா சொல்லுதீரு?”

“அப்படித்தான். என்னைய நம்பும்.”

நீர் நம்பினீர். ரேசரை எடுத்து மீதிப் பக்கத்தை முடித்தீர்.

தெரியாமல் சொன்னேன் என்று வருஷக்கணக்கில் எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அது முழு உண்மை இல்லை. விரல் பட்ட அந்த நொடியில் இது வெறும் நெறி இல்லையோ என்று எனக்கும் பயம் வந்தது. அதற்கு மேல் இன்னொரு பயம் வந்து உட்கார்ந்தது. டாக்டர் சவரம் கூடாது என்பார், செவ்வாயும் வெள்ளியும் நீர் வரமாட்டீர், கதவைத் தட்ட ஆளிருக்காது. அந்தப் பயத்தில்தான் சொன்னேன். இரண்டு காலைப் பொழுதுகளைக் காப்பாற்றிக்கொள்ள உம் ஐந்து மாதத்தைத் தின்றுவிட்டேன்.

ஐப்பசியில் உமக்குக் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. அப்புறம்தான் பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரிடம் போனோம். நீர், உம் மனைவி, பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த உம் மகன், நான். எவ்வளவு நாளாக இருக்கிறது என்று டாக்டர் கேட்டார். நீர் பையிலிருந்து டிரேசிங் தாளை எடுத்து மேஜையில் விரித்தீர். வேலை செய்தவரின் பெருமை கூட உம் முகத்தில் கொஞ்சம் இருந்தது. டாக்டர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். சிவப்புப் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, அந்த இடத்தில் தாளே நைந்துபோயிருந்தது.

“ஏழு மாசமா தேதி போட்டுக் குறிச்சிருக்கீங்க. ஒரு தடவை வந்து காட்டணும்னு தோணலையா?”

நீர் என்னைப் பார்த்தீர். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன்.

“தோணல சார்” என்றீர்.

அந்த இரண்டு வார்த்தைகளோடு பழி முழுதும் உம் பேருக்குப் போய்விட்டது. உம் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். உம் மகன் அந்தத் தாளையே முறைத்துக்கொண்டிருந்தான்.

புற்றுநோய் என்று தெரிந்து, திருவனந்தபுரத்தில் கரண்ட் வைத்தார்கள், கதிர்வீச்சு. இடது தாடையில் தோல் கறுத்து, முடி மொத்தமாக உதிர்ந்து, பிறகு முளைக்கவே இல்லை. வலது பக்கம் மட்டும் தாடி வளர்ந்தது. “பாதி வேலை மிச்சம்வே” என்றீர். நான் சிரிக்க முயன்று முடியாமல் வராண்டாவுக்குப் போய் அழுதேன். ஊர் திரும்பிய பிறகு உம் கை நடுங்கியதால் அந்தப் பாதியை நான்தான் உமக்குச் சவரம் செய்தேன். உம் வீட்டிலேயே, வெள்ளிக்கிழமையும் சேர்த்து. உம் மனைவியே வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். அப்படி ஒரு நாள் நுரை தடவிக்கொண்டிருக்கும்போது, “வே, அன்னைக்கு நான் சொன்னது...” என்று ஆரம்பித்தேன். நீர் கையை உயர்த்தினீர். குரல் காற்றாகத்தான் வந்தது.

“நுரை காயுது. மொதல்ல வேலையப் பாரும்.”

மன்னித்தீரா, கேட்கவே பிடிக்கவில்லையா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மறுபடி கேட்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை. தை பிறப்பதற்குள் நீர் போய்விட்டீர்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்ததும் உம் மனைவி எல்லா ரேசர்களையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தாள். “கண்ணுல படக்கூடாது அண்ணாச்சி, கொண்டு போயிருங்க. டாக்டர்ட்ட போங்கன்னு நீங்க எத்தனை தடவை சொல்லியிருப்பீங்க, அவுக கேட்டிருக்க மாட்டாக” என்றாள். நான் பையை வாங்கிக்கொண்டு வந்தேன். அவ்வளவுதான் செய்தேன். அந்த ரேசர்களில்தான் இன்றும் தினம் ஒன்றாக எடுத்துச் சவரம் செய்கிறேன். இதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்: நன்றாகத்தான் இருக்கிறது. வெந்நீரும் நுரையும் அந்தச் சத்தமும் இன்றும் எனக்குச் சுகமாக இருக்கின்றன. அப்படி இருப்பதற்கே வெட்கமாக இருக்கிறது.

நேற்று உம் மகன் வந்திருந்தான். உமக்குப் பேரன் பிறந்திருக்கிறான். பெயர் வைக்கிற நாளுக்கு அழைக்க வந்தான். என்ன பெயர் என்று கேட்டேன்.

“அப்பா பேரத்தான் வைக்கணும்னு அம்மா ஒத்தக்கால்ல நிக்கா மாமா. நான் முடியாதுன்னுட்டேன். ஏழு மாசம் உக்காந்து செவப்பு மையில புள்ளி வச்சிருக்காரு. எங்களை ஒரு நிமிசம் நெனச்சிருந்தா போயிருப்பாருல்லா? அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம் எனக்கு ஆத்திரந்தான் வரும். எம் பிள்ளைக்கு அது வேண்டாம்.”

நான் அவனுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை போதுமா என்று கேட்டேன். தெருமுனை வரை கூடவே போய் வழியனுப்பினேன். ‘உங்கப்பா போகணும்னுதான் சொன்னாரு, நான்தான் தடுத்தேன்’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அதற்கு என் வாய் திறக்கவில்லை வே. டாக்டர் அறையில் காலண்டரைப் பார்த்தேனே, அப்படியே நேற்றும் எதிர்வீட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நேரில் சொல்ல எனக்கு இந்த ஜென்மத்தில் முடியாது என்று ராத்திரியே புரிந்துவிட்டது. எழுத முடிகிறது. உமக்கென்று எழுதினால்தான் பொய் வராமல் எழுத முடிகிறது. அதனால் தாளில் உம்மைக் கூப்பிட்டுவிட்டு, உறையின் மேல் உம் மகனின் விலாசத்தை எழுதியிருக்கிறேன். பெயர் வைக்க இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. தபால் இரண்டு மூன்று நாளில் போய்விடும்.

பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பது என்பது அவன் இஷ்டம். என்னை அழைத்ததை அவன் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். உம் மனைவி இனி என்னை அண்ணாச்சி என்று கூப்பிடாமலும் போகலாம். படித்துவிட்டு அவன் என்னைத் திட்டட்டும். உம்மைத் திட்டுவதை நிறுத்தினால் போதும்.