ஒரு வாய் தண்ணீர்

ஒக்டோபர் 9, புதன்

பத்துப் பேர் சேர்ந்துவிட்டார்கள். இன்னும் ஒருவர் வேண்டும். பாராளுமன்றத்துக்குச் சுயேச்சையாகத் தனி ஆளாய் நிற்க முடியாது. நுவரெலியா மாவட்டத்தில் பதினொரு பெயர் கொடுத்தால்தான் குழுவாக ஏற்பார்கள். பேராதனையில் அரசறிவியல் படித்த எனக்கே இது போன மாதம்தான் உறைத்தது.

மாலையில் டிக்கோயாவுக்கு அப்பால் எங்கள் பழைய தோட்டத்துக்குப் போனேன். சண்முகவடிவும் நானும் ஐந்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. பிறகு அவள் கொழுந்து எடுக்கப் போனாள், நான் படிக்கப் போனேன்.

"நா நின்னா எவ ஓட்டுப் போடுவா? எங்க வீட்டு ஆளே போட மாட்டாரு."

"நீ ஒண்ணும் செய்ய வேணாம். கையெழுத்து மட்டும் போடு."

அவள் தங்கை பிரியந்தி அடுப்பங்கரையிலிருந்து சிரித்தாள். "போடுக்கா. ஜெயிச்சா ஏசி கார்ல போய்க் கொழுந்து எடுக்கலாம்."

போட்டாள்.

ஒக்டோபர் 15, செவ்வாய்

இறம்பொடையில் கூட்டம். பாதியில் கலைந்தது. ஷிஹாம் நானா ஹட்டனில் இரும்புக் கடை வைத்திருப்பவர், பதினொருவரில் ஒருவர், பிரசாரம் முழுக்க அவர் தலையில். திரும்பி வரும்போது சொன்னார்: "டீச்சர், நீங்க பாடம் நடத்துறீங்க. பீரியட் முடிஞ்ச மாதிரி ஆக்கள் எழும்பிப் போறாங்க."

உண்மைதான். கை கூப்பவும் வரவில்லை எனக்கு.

ஒக்டோபர் 22, செவ்வாய்

பிரியந்தி போய்விட்டாள்.

குளவி. மலையில் கூடு கலைந்து ஐந்தாறு பேரைக் கொட்டியது. அவளுக்குத்தான் முகம், கழுத்து, எல்லாம். தோட்டத்தில் அம்புலன்ஸ் இல்லை. கொழுந்து லொறியிலிருந்து சாக்குகளை இறக்கிவிட்டு அவளை ஏற்றினார்கள். சாக்கு ஏற்றி இறக்கும் மாயாண்டி அண்ணன் மட்டும் பின்னால் ஏறி, அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனார். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் மூச்சு நின்றுவிட்டது.

சாவு வீட்டில் அவர் ஒரு மூலையில் குந்தியிருந்தார். "ஒரு வார்த்த பேசல டீச்சர். எங் கையப் புடிச்சுக்கிட்டே இருந்திச்சு. அவ்வளவுதான்."

சண்முகவடிவு என் தோளில் விழுந்து அழுதாள். 

ஒக்டோபர் 27, ஞாயிறு

லிந்துலைக் கூட்டம். தோட்டங்களுக்கு அம்புலன்ஸ் வேண்டும் என்று பேசினேன். புள்ளிவிபரம் சொன்னேன், பின்வரிசை எழும்பியது. பிரியந்தியைச் சொன்னேன், நின்றார்கள். லொறியைச் சொன்னேன், திரும்பினார்கள். அதன் பிறகு — எங்கிருந்து வந்தது அது?

"ஒரு வாய் தண்ணி கேட்டிச்சு அந்தப் புள்ள. குடுக்கிறதுக்கு ஆளில்ல."

முன்னால் நின்ற பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிரியந்தி கேட்கவில்லை. எதுவுமே கேட்கவில்லை.

ஷிஹாம் நானா கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். "இன்னக்கித்தான் டீச்சர் நீங்க பேசின. இத விடாதீங்க."

ஒக்டோபர் 28, திங்கள்

கொட்டகலையிலும் சொன்னேன். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது இப்போது தெரிகிறது.

ஒக்டோபர் 30, புதன்

சண்முகவடிவு எனக்குப் போன் எடுத்தாள்.

"ஒம் பேச்சு போன்ல வந்திருக்கு. பக்கத்து வீட்டுப் புள்ள காட்டிச்சு. சுதா... தண்ணி கேட்டாளா?"

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"எங்கிட்ட யாரும் சொல்லலியே. ஒனக்கு யாரு சொன்னா?"

அந்த நிமிடம் சொல்லியிருக்கலாம். மேடையில் வாய் தவறியது என்றாவது சொல்லியிருக்கலாம். "லொறியில போனவங்கதான்" என்றேன்.

லொறியின் பின்னால் இருந்தது ஒரே ஒரு ஆள்.

"பாவி மனுசன். எங்கிட்ட மறைச்சிட்டானே" என்றாள்.

நான் என்ன பிறவி?

ஒக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன்.

நவம்பர் 3, ஞாயிறு

பஸ்ஸில் காளியாயியைப் பார்த்தேன். சண்முகவடிவோடு ஒரே மலையில் வேலை செய்பவள். கேட்காமலே சொன்னாள்.

"மாயாண்டி சாக்கத் தூக்க வந்தா, நாங்களே தூக்கிக்கிறோம்னு சொல்லிர்றோம். கோயில்லயும் அந்த ஆளு பக்கத்துல யாரும் நிக்கிறதில்ல. சாகப்போறவளுக்குத் தண்ணி குடுக்காத கை."

"அவர் அப்படிப்பட்ட ஆள் இல்ல காளியாயி."

"நீங்கதானே டீச்சர் மைக்ல சொன்னீங்க!"

பிரியந்திக்காகத்தானே பேசுகிறேன், இன்னொருத்தி இப்படிச் சாகக்கூடாது என்றுதானே? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். கூட்டங்களும் பெருகுகின்றன.

நவம்பர் 6, புதன்

கருமாதி. பிரியந்திக்குப் பிடித்த ரொட்டி, கட்டச்சம்பல், கருவாட்டுக் குழம்பு எல்லாம் படைத்திருந்தார்கள். சண்முகவடிவு கடைசியாக ஒரு பெரிய செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து படத்துக்கு முன்னால் வைத்தாள். "குடிச்சுக்கடி. வயிறு நெறயக் குடி" என்று சொல்லி, செம்பைப் படத்தின் உதட்டருகே சாய்த்தாள். கண்ணாடியில் வழிந்தது.

வீட்டில் இருந்த அத்தனை பேரும் அழுதார்கள். நான் எழுந்து வெளியே போனேன். மாயாண்டி அண்ணன் வரவில்லை.

நவம்பர் 8, வெள்ளி

மாயாண்டி அண்ணன் வீட்டுக்குப் போனேன், உண்மையைச் சொல்லிவிடுவது என்று. உட்காரச் சொல்லி ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நான் வாய் திறக்குமுன் அவர் கேட்டார்:

"டீச்சர், லொறி சத்தத்துல எனக்குத்தான் கேக்காமப் போச்சோ? ஒதடு அசஞ்ச மாதிரிதான் இருந்திச்சு. நீங்க படிச்சவங்க, விசாரிக்காமச் சொல்ல மாட்டீங்க."

விசாரிக்காமல்.

தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். நாளைக்கு என்று. தேர்தல் முடியட்டும் என்று. சீ.

நவம்பர் 11, திங்கள்

ஹட்டனில் கடைசிக் கூட்டம். ஏறுமுன் ஷிஹாம் நானாவிடம் உண்மையைச் சொன்னேன். கையிலிருந்த துண்டுப் பிரசுரக் கட்டை மேடைப் படியில் வைத்தார்.

"இதைச் செல்லாம இருந்திருக்கலாம் டீச்சர், என்கிட்ட." பிறகு: "பதினாலாந் தேதி ஓட்டு கழியட்டும். இப்ப செல்லினா அம்புலன்ஸும் பொய்ன்னு ஆக்கிடுவானுங்க."

நியாயம்தான். அந்த நியாயத்தை இன்னொருவர் வாயால் கேட்கத்தான் அவரிடம் போனேனோ?

பேசினேன். தண்ணீரை விட்டுவிட்டுத் தாண்டினேன். கூட்டத்திலிருந்து ஒரு குரல்: "தண்ணி கேட்டதச் சொல்லுங்க டீச்சர்!"

சொன்னேன்.

நவம்பர் 14, வியாழன்

ஓட்டுப் போட்டேன். என் இலக்கத்தில் புள்ளடி போடக் கை கூசியது. போட்டேன்.

நவம்பர் 15, வெள்ளி

தோற்றோம். ஆனால் கேலி செய்யும்படி இல்லை. முதல் தடவைக்கு நல்ல வாக்கு என்கிறார்கள். ஷிஹாம் நானா வாழ்த்துச் சொல்லவில்லை. "இனி உண்மையச் செல்லுங்க" என்றார், அவ்வளவுதான்.

நவம்பர் 17, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

சண்முகவடிவு பீலிக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டாள். கை மட்டும் நின்றது.

"அப்ப அவ கேக்கல."

"இல்ல."

"நா தண்ணி வச்சேனே, சுதா."

துணியிலிருந்து தண்ணீர் அவள் காலில் சொட்டியது.

"ஒனக்குச் சொல்றதுக்கு அவ உசுரு போனது பத்தல. இல்ல?" கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. ஈரச் சேலையைத் தொட்டியிலேயே விட்டுவிட்டு, "வா" என்று முன்னால் நடந்தாள். மாயாண்டி அண்ணன் வீட்டு வாசலில் நின்று, "அண்ணே, கேளுங்க. இவ சொல்லுவா" என்றாள்.

சொன்னேன். பொய் என்னுடையது, அவள் கேட்கவே இல்லை, நீங்கள் அன்று சொன்னதுதான் சரி என்று.

அவர் சிரித்தார். என்னைப் பார்த்துப் பரிவாகச் சிரித்தார்.

"என்னயத் தேத்துறதுக்குச் சொல்றீங்க. நல்ல மனசு டீச்சர் ஒங்களுக்கு. கேட்டிச்சு. மல்லியப்பூ சந்தி தாண்டினதும் தண்ணி கேட்டிச்சு. இப்ப எனக்கு நல்லா ஞாவகம் இருக்கு."

"அண்ணே, இல்ல அண்ணே" என்று சண்முகவடிவு அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

நவம்பர் 18, திங்கள்

விடியவே தோட்டத்துக்குப் போனேன். வேலைக்குப் போகுமுன் எல்லோரும் கூடும் பெரட்டுக் களம். மைக் இல்லை. வேலை பிரித்துக் கொடுக்கும் கண்டாக்கு ஐயாவிடம் இரண்டு நிமிடம் கேட்டேன். மணியைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"எலக்சன் முடிஞ்சிரிச்சு டீச்சர், இன்னும் என்னாத்துக்குப் பேச்சு?" என்றான் ஒருவன். சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குள்ளேயே சொல்லி முடித்தேன். பிரியந்தி தண்ணீர் கேட்கவில்லை. நான் கதை கட்டிச் சொன்னேன். மாயாண்டி அண்ணன் அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டு போனார், அதுதான் நடந்தது.

சிரிப்பு நின்றது. ஒருத்தி காறித் துப்பினாள். பின்வரிசையில் மாயாண்டி அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

காளியாயிதான் முதலில் அசைந்தாள். அவரிடம் போய், வழக்கம்போல அதட்டினாள்: "என்னாண்ணே மரம் மாரி நிக்கிறீங்க? வெத்தல இருந்தா ஒண்ணு குடுங்க."

அவர் அவசர அவசரமாக மடியை அவிழ்த்துத் தேடினார்.

சண்முகவடிவு கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறினாள். என் பக்கம் பார்க்கவில்லை. பார்க்கும்வரை நிற்கலாம் என்று நின்றேன். லொறி பின்னால் வந்து ஹோர்ன் அடித்தது; கண்டாக்கு ஐயா என்னை ஓரமாக நிற்கச் சொன்னார்.